குருத்தோலையும் முதுகுப் பம்பும்

குருத்தோலை ஞாயிறுக்கு முதல்நாள் சாயங்காலம் மலாக்காவின் தெங்கேராவில் எங்கள் வீட்டுப் பின்புறத் தென்னையில் பையன்கள் ஏறுவார்கள். விரிந்த மட்டைகளை விட்டுவிட்டு, நடுவில் அவிழாமல் நிற்கும் குருத்தை மட்டும் அரிவாளால் வாங்கிக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். இளமஞ்சள் நிறம், கையில் எடுத்தால் ஈரம். பெண்கள் பாயில் உட்கார்ந்து ஈர்க்கை உருவி, ஓலையை மடித்துச் சிலுவை பின்னுவார்கள். ஒரு மரத்துக்கு ஒரு குருத்துதான் என்பது பெரியவர்கள் சொல்லிவைத்த கணக்கு. அதற்குமேல் வெட்டினால் காயத்தின் வழியே கூன்வண்டு இறங்கும். கை தவறிக் கொண்டையில் வெட்டு விழுந்துவிட்டால் மரமே போய்விடும். கீழே நின்று இதையெல்லாம் சொல்லிப் பையன்களை அதட்டுகிறவர் என் பெரியம்மா.

பெரியம்மா ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழ்நாள் முழுக்க உழைத்தவர். முதலில் ரப்பர் பால்வெட்டு. பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு மருந்தடி வேலை. முதுகில் பம்பைச் சுமந்து, நிரை நிரையாக நடந்து, களைகொல்லி அடிப்பது. தென்னையின் ஒரு குருத்துக்காக இவ்வளவு கவலைப்பட்டவர், தம் முதுகில் வழிந்த மருந்தைப் பற்றிக் கோயிலில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை. மலேசியாவின் தமிழ்ச் சபைகளில் ‘படைப்பைப் பேணுதல்’ என்ற சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. கேட்கும்போதெல்லாம் பெரியம்மாவின் கைகள்தான் என் நினைவுக்கு வருகின்றன. தோட்டத்துப் பாட்டாளியின் உடம்பை விட்டுவிட்டு மண்ணைக் காப்பது பற்றி எங்கள் சபைகள் பேச முடியாது. இந்தக் கட்டுரையில் நான் நிறுவ விரும்புவது அதைத்தான்.

தேய்ந்த மண்ணில் வந்திறங்கியவர்கள்

தெங்கேரா என்ற பெயர், மரத்தாலான அரணைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல் ஒன்றின் மிச்சம். 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்கள் விட்டுப்போன சொல். இங்குள்ள பள்ளிவாசல் 1728இல் எழுந்தது. நடந்துபோகும் தூரத்தில் காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பு. ஆனால் இன்று மலாக்காத் தமிழ்க் கோயில்களில் உட்கார்ந்திருக்கும் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பழைய துறைமுகத் தமிழரின் வழியினர் அல்லர். புக்கிட் அசஹான், கெமுனிங், டெவன், டைமண்ட் ஜூபிலி, செர்காம் போன்ற தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு நகர்ந்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள்.

அந்தத் தோட்டங்களின் மண்ணுக்கு நம் வருகைக்கு முந்தைய கதை ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலாக்காவின் உட்பகுதிக் காடுகளைச் சீன முதலாளிகள் வெட்டி மரவள்ளி போட்டார்கள். மரவள்ளி மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும் பயிர். மூன்று நான்கு வெள்ளாமைக்குள் நிலம் களைத்துப் போனதும் அதைக் கைவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள். விட்டுப்போன இடமெல்லாம் லாலாங் புல் மண்டியது. இப்படித் தேய்ந்துகொண்டிருந்த மாநிலத்தில்தான் டான் சே யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். வணிக நோக்கில் மலாயாவில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அது. அடுத்த சில ஆண்டுகளில் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் தொடங்கினார்.

ரப்பர் வந்ததும் தமிழர் வந்தார்கள். ஆரம்பகாலத் துரைமாருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது: மரத்தடியில் ஒரு புல்லும் இருக்கக்கூடாது. தரையைத் துடைத்து வைத்ததுபோல் களையெடுக்கச் சொன்னார்கள். நம் பாட்டன் பாட்டிகள் சுரண்டியும் கொத்தியும் அதைச் செய்தார்கள். மூடுபயிர் இல்லாத சரிவுகளில் மழை விழுந்து மேல்மண் ஆற்றோடு போனது. அது தவறு என்று பின்னால்தான் தெரிந்துகொண்டு அவரையினக் கொடிகளைப் படரவிட்டார்கள். மண்ணை அழித்த கை தமிழனின் கை. அழிக்கச் சொன்ன வாய் வேறு. இந்த வித்தியாசத்தைப் பிரசங்க மேடைகள் மறந்துவிடுகின்றன. ‘நாம் எல்லோரும் பூமிக்குத் தீங்கு செய்தோம்’ என்ற பொதுவான பாவ அறிக்கை தோட்டத்து மக்கள் வாயில் முழு உண்மையாக இருக்க முடியாது.

காடு வெட்டியதால் வந்த முதல் தண்டனையும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. மலைச்சரிவுகளில் நிழலில் ஓடிய ஓடைகள் மரம் போனதும் வெயிலுக்குத் திறந்தன. வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் பெருகுகிற கொசுவகை ஒன்று மலேரியாவைப் பரப்புகிறது என்பதை மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் ஆராய்ந்து காட்டினார். அதற்குள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் எத்தனையோ பேர் காய்ச்சலில் போய்விட்டார்கள். சுற்றுச்சூழல் என்ற சொல்லையே கேள்விப்படாத மக்கள், அது கெட்டதன் விலையை உயிராகக் கட்டினார்கள்.

அவர்களுக்கென்று நிலம் கிடையாது. லயத்தின் பின்னால் முருங்கை, கறிவேப்பிலை, நாலு கத்தரிச் செடி. அதுவும் துரை ஒப்பினால்தான். தோட்டத்துச் சின்னக் கோயில் நின்ற இடமும் அப்படித்தான். மாதத்துக்கு ஒருமுறை சாமியாரோ, உபதேசியாரோ, போதகரோ வந்து ஜெபம் நடத்திய கொட்டகை, தோட்டம் கைமாறியபோது சேர்ந்தே கைமாறியது. வீடமைப்புத் திட்டங்களாக மாறிய தோட்டங்களில் அந்தக் கொட்டகைகளின் அடித்தளம்கூட மிஞ்சவில்லை.

இதற்கு மாறான முயற்சி ஒன்று இந்த நாட்டில் நடந்திருக்கிறது. பேராக்கின் பாகான் செராயில் 1882 வாக்கில் ரெனே ஃபே என்ற பிரெஞ்சு மறைப்பணியாளர் தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியமர்த்தி நெல் விவசாயத்தில் ஈடுபடுத்தினார். சூசைப்பாளையம் என்று இன்றும் பெயர் சொல்லும் ஊர். கோயிலைச் சுற்றி வயல், வயலைச் சுற்றி வீடு. மண்ணைக் காக்கச் சொல்வதற்கு முன்னால் காப்பதற்கு ஒரு மண் வேண்டும் என்று அந்தப் பாதிரியாருக்குத் தெரிந்திருந்தது. மலாக்காத் தோட்டத் தமிழருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

ஏதேன் தோட்டமும் எஸ்டேட் தோட்டமும்

1967இல் வரலாற்றாசிரியர் லின் வைட் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மனிதன் பூமியை ஆளட்டும் என்ற ஆதியாகமச் சிந்தனையே மேற்குலகின் இயற்கை அழிவுக்கு வேர் என்பது அவர் வாதம். அதே கட்டுரையில் அசிசியின் பிரான்சிஸை இயற்கை ஆர்வலர்களின் பாதுகாவலராகக் கொள்ளலாம் என்றும் எழுதினார். 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் அவரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். கடந்த அரை நூற்றாண்டின் கிறிஸ்தவச் சூழலியல் பெரும்பாலும் லின் வைட்டுக்குச் சொல்லும் பதிலாகவே வளர்ந்தது.

பதில் சொல்பவர்கள் ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்துக்குப் போவார்கள். மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்ததன் நோக்கமாக அங்கே இரண்டு எபிரேய வினைகள் வருகின்றன: ‘ஆபாத்’, ‘ஷாமார்’. முதலாவதற்கு உழுதல், பயிர்செய்தல் என்பதோடு ஊழியம் செய்தல் என்ற பொருளும் உண்டு. இரண்டாவது காவல் காப்பது. முதல் அதிகாரத்தின் ‘ஆளுகை’யை இந்த இரண்டு வினைகளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பதைப் போப் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடல் விளக்குகிறது.

தமிழில் இந்தப் பகுதியை வாசிக்கும்போது எங்களுக்கு வேறொன்றும் கேட்கிறது. விவிலியத்தில் கடவுள் மனிதனை வைத்த இடத்துக்குப் பெயர் தோட்டம். எங்கள் பெற்றோர் வைக்கப்பட்ட இடத்துக்கும் பெயர் தோட்டம். ஒரே சொல். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கங்காணி பெயர் கூப்பிட்டுப் போன தோட்டத்துக்கும், கடவுள் மாலையில் உலாவிய தோட்டத்துக்கும் நடுவிலுள்ள தூரம் மலேசியத் தமிழ் இறையியலின் இயல்பான தொடக்கப் புள்ளி. ஏதேனில் உழைப்பவனுக்குக் கனி உண்ண உரிமை இருந்தது. இங்கே பால் முழுவதும் ஸ்டோருக்குப் போனது.

இந்த இடத்தில் லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் ஆதியாகமத்தைவிடக் கூடுதலாக உதவுகிறது. ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு. ஐம்பதாம் ஆண்டில் இழந்தவனுக்கு நிலம் திரும்ப வேண்டும். நிலம் ஆண்டவருடையது, மனிதர் அதில் குடியிருக்கும் அந்நியர், ஆகவே அதை நிரந்தரமாக விற்க முடியாது என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. மண்ணின் ஓய்வையும் ஏழையின் உரிமையையும் ஒரே சட்டத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள். சூழலை ஒரு குழுவிடமும் சமூக நீதியை இன்னொரு குழுவிடமும் சபை பிரித்துக் கொடுத்துவிட்டால் இந்த அதிகாரத்தை வாசிக்கவே முடியாது. ‘லவுதாத்தோ சீ’யின் 49ஆம் பத்தி பூமியின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் ஒருசேரக் கேட்கச் சொல்வதும் இந்தப் பொருளில்தான்.

இடையில் ஒரு பழைய சங்கதி. மலாக்காவுக்கும் தரங்கம்பாடிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1706இல் சீகன்பால்க் என்ற மிஷனரி வந்திறங்கிய தரங்கம்பாடியில், அதே நூற்றாண்டின் பிற்பாதியில் படைப்பை நுணுக்கமாகக் கவனிப்பதையே இறைவனுக்குச் செய்யும் மரியாதையாகக் கருதிய ஒரு வட்டம் உருவாகியிருந்தது. தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் அங்கே மருத்துவராக வந்தார். மிஷனரிகளான கிறிஸ்தோப் சாமுவேல் ஜானும் ரோட்லரும் அவரோடு சேர்ந்து செடிகொடிகளைச் சேகரித்தார்கள். தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்த அதே ரோட்லரின் உலர்செடித் தொகுப்பு இன்று லண்டனின் கியூ தோட்டத்தில் இருக்கிறது. கோனிக் 1778 முதல் 1780 வரை சயாமுக்கும் மலாக்கா நீரிணைக்கும் பயணம் செய்து குறிப்பெழுதினார். ஒரு செடியைப் பிடுங்குமுன் அதன் பெயரையும் பயனையும் ஊரார் வாயால் கேட்டு எழுதிய மனிதர்கள் அவர்கள். மலேசியாவின் தமிழ் லுத்தரன் சபை தரங்கம்பாடி மரபில் வந்தது. இந்தக் கவனிக்கும் பழக்கமும் அந்தச் சபையின் பரம்பரைச் சொத்து என்பதை அதன் இளைஞர்களுக்குச் சொல்லித் தரலாம்.

மருந்தடி

பம்பு முதுகில் ஏறும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். தண்ணீரோடு 15 கிலோவுக்கு மேல் வரும். குனிந்து வாரை மாட்டி, முழங்காலை ஊன்றி எழ வேண்டும். இடது கை பிடியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும், வலது கையில் குழாய். மூடி இறுகாவிட்டால் நடக்கும் அசைவில் மருந்து தளும்பி முதுகுத்தண்டு வழியே இறங்கும். காற்று எதிரே அடித்தால் முகத்தில் படும். ரப்பர் கையுறை வெயிலில் வெந்துபோகும் என்று கழற்றிவிடுவார்கள், கொடுத்திருந்தால். சாப்பாட்டு நேரத்தில் கைகழுவக் கிடைப்பது பெரும்பாலும் தோட்டத்துச் சாக்கடைத் தண்ணீர். அதே தண்ணீரில்தான் பம்பையும் அலசுவார்கள். பெரியம்மாவின் விரல் நகங்கள் நிறம் மாறி, வெடித்து, ஒவ்வொன்றாக விழுந்து முளைத்தன. மூக்கில் ரத்தம் வந்த நாட்களில் உடம்புச் சூடு என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார்.

நகம் உதிர்வதும் மூக்கில் ரத்தம் வடிவதும் பாராகுவாட் தெளிப்பவர்களிடம் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கும் அறிகுறிகள். கிராமாக்சோன் என்ற பெயரில் தோட்டத்துக்குள் வந்த இந்தக் களைகொல்லி 1962இல் சந்தைக்கு வந்தது. பச்சை இலையில் பட்டதும் கருக்கிவிடும். ஆளின் வயிற்றுக்குள் போனால் நுரையீரலை இறுக்கிக் கொல்லும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. சுவீடன் 1983இலும் சுவிட்சர்லாந்து 1989இலும் இதைத் தடைசெய்தன. அதன்பிறகும் நம் பெண்கள் பல ஆண்டுகள் இதைச் சுமந்தார்கள். தெளிப்பு வேலையைப் பெண்களுக்கே கொடுப்பது தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு தெளித்தவர்களும் அவர்களில் உண்டு.

இந்தப் பெண்களைச் சுற்றியிருந்த மௌனத்தை உடைத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஐரின் பெர்னாண்டஸ். 1946இல் பிறந்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். ஆசிரியர் வேலையை விட்டு இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தின் வழியாகத் தொழிலாளர்களிடையே இறங்கினார். ஜோசப் கார்டைன் என்ற பாதிரியார் 1925இல் பெல்ஜியத்தில் நிறுவிய அந்த இயக்கத்துக்கு எளிய முறை ஒன்று உண்டு. முதலில் பார், பிறகு நற்செய்தியின் வெளிச்சத்தில் தீர்மானி, பிறகு செயல்படு. ஐரின் 1991இல் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பு தோட்டங்களுக்குள் போய் முதல் வேலையைச் செய்தது. அதாவது பார்த்தது. தெளிப்புப் பெண்களிடம் உட்கார்ந்து, எந்த மருந்து, எத்தனை வருடம், என்ன நோய் என்று கேட்டு எழுதியது. ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து 2002இல் அதை அறிக்கையாக வெளியிட்டது. நஞ்சூட்டப்பட்டு வாயடைக்கப்பட்டவர்கள் என்பதுதான் அறிக்கைத் தலைப்பின் பொருள்.

அதே 2002இல் மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி 1 அன்றுதான் முழுத் தடை அமலுக்கு வந்தது. பதினெட்டு வருடம். ஐரின் அதைப் பார்க்கவில்லை, 2014 மார்ச் 31 அன்று காலமானார். குடியேறிகளின் தடுப்பு முகாம்கள் பற்றி 1995இல் வெளியிட்ட அறிக்கைக்காக அவர் மீது நடந்த வழக்கு பதின்மூன்று வருடம் இழுத்து, 2008இல் விடுதலையில் முடிந்தது. 2005இல் உலகம் அவருக்கு ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கொடுத்தது.

மலேசியத் தமிழ் மண்ணில் நடந்த மிகப் பெரிய கிறிஸ்தவச் சூழல் பணி எது என்று என்னைக் கேட்டால் ஐரினின் இந்தப் பணியைத்தான் சொல்வேன். அதில் பாட்டும் பவனியும் இல்லை. விசுவாசத்தில் வார்க்கப்பட்ட ஒரு பெண், லயத்து வாசலில் உட்கார்ந்து இன்னொரு பெண்ணின் நகத்தைப் பார்த்தார். ‘லவுதாத்தோ சீ’யின் 20ஆம் பத்தி உலகை நோயாக்கும் மாசுகளின் வரிசையில் களைகொல்லிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அது வெளிவருவதற்குப் பதின்மூன்று வருடம் முன்பே தெனாகானித்தா அதை எழுதிவிட்டது. எங்கள் கோயில்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கடல் பக்கம்

தோட்டம் ஒரு பக்கம் என்றால் கடல் மறுபக்கம். தென் தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் 1542 முதல் பரதவரிடையே பணி செய்த பிரான்சிஸ் சவேரியார் 1545இல் மலாக்காவுக்கு வந்தார். 1553இல் அவர் உடல் சில மாதங்கள் இங்குள்ள குன்றில்தான் புதைக்கப்பட்டிருந்தது. முத்துக்குளித்துறையின் மணப்பாட்டுக்காரருக்கும் மலாக்காக்காரருக்கும் ஒரே புனிதர். இரண்டு ஊரிலும் கடல்தான் பிரச்சினை என்பதும் பொருந்தி வருகிறது.

உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பை, போர்த்துகீசிய வழிவந்த ஏழைக் கிறிஸ்தாங் மீனவர்களுக்காக 1930களில் உருவாக்க முன்னின்றவர்கள் இரண்டு பாதிரியார்கள்: பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா, போர்த்துகீசியரான கொரோவாடோ. 28 ஏக்கர். இன்றும் ஜூன் 29 புனித பேதுரு விழாவில் படகுகளை அலங்கரித்து நிறுத்த, பாதிரியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார். கெராகோ என்னும் சின்ன இறாலைக் கரையோரம் தள்ளுவலையால் பிடித்துப் பிழைத்த மக்கள். கடலை மண்கொட்டித் தூர்க்கும் வேலை 1970களிலிருந்து மலாக்கா நெடுக நடக்கிறது. 2014இல் தொடங்கிய மலாக்கா கேட்வே திட்டம் அந்தக் குடியிருப்புக்கு எதிரேயே வந்தது. 2020 நவம்பரில் மாநில அரசு அதன் ஒப்பந்தத்தை ரத்து செய்தது, பிறகு திட்டம் மீண்டும் பேச்சுக்கு வந்தது. கரை தூரமாகி, நீர் கலங்கி, இறால் குறைந்துவிட்டதாக மீனவர்கள் சொல்கிறார்கள். தெங்கேராவிலும் கிளேபாங்கிலும் இதே கதைதான். பின்வாசலில் அலையடித்த வீடுகளுக்குப் பின்னால் இப்போது சாலை இருக்கிறது. தீபகற்பத்தின் அழுங்காமைகள் முட்டையிட அதிகம் நாடிவருவதும் இந்த மலாக்காக் கரைக்குத்தான்.

படகை மந்திரிக்கிற கையால் கடலுக்காக மனு எழுதலாமா? கன்னியாகுமரியில் எழுதினார்கள். தாமஸ் கோச்சேரி என்ற பாதிரியார் முன்னணியில் நின்ற தேசிய மீனவர் பேரவை 1989இல் நீரையும் உயிரையும் காக்கக் கோரி இந்தியாவின் இரண்டு கரைகளிலிருந்தும் நடைபயணம் புறப்பட்டது. இரண்டு அணிகளும் மே 1 அன்று கன்னியாகுமரியில் சந்தித்தன. மீனவர், கன்னியாஸ்திரீகள், பெண்கள் என்று ஆயிரக்கணக்கில் கூடிய அந்தக் கூட்டம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கலைந்தது. இருபத்திரண்டு வருடம் கழித்து, 2011இல், கூடங்குளம் அணுஉலைக்கு எதிராக இடிந்தகரை மக்கள் உண்ணாவிரதப் பந்தல் போட்டது லூர்து மாதா கோயில் முற்றத்தில். அணுமின்சாரம் பற்றிக் கிறிஸ்தவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரின் பயத்தைக் கோயில் தன் முற்றத்தில் உட்கார வைத்தது. அதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது

உலகத் திருச்சபைகள் சும்மா இருக்கவில்லை. 1989இல் கான்ஸ்டான்டிநோபிளின் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ் செப்டம்பர் 1ஐப் படைப்புக்கான ஜெப நாளாக அறிவித்தார். கத்தோலிக்கத் திருச்சபை 2015இல் அந்நாளை ஏற்றது. அன்று முதல் அக்டோபர் 4 வரை படைப்பின் காலம் அனுசரிக்கப்படுகிறது. ஆங்கிலிக்கன் சபைகள் 1990இல் தங்கள் ஊழியத்தின் ஐந்தாம் அடையாளமாகப் படைப்பைக் காப்பதைச் சேர்த்தன. டச்சுக்காரர் 1753இல் கட்டி முடித்த மலாக்காக் கிறிஸ்து ஆலயம் இன்று ஆங்கிலிக்கன் சபையினுடையது. தென்னிந்தியத் திருச்சபை சூழலுக்கென்றே தனித் துறை வைத்து, சுற்றுச்சூழல் ஞாயிறு அனுசரிக்கிறது, பள்ளிகளுக்குப் பசுமைத் திட்டம் நடத்துகிறது.

தமிழகத்தில் நான் அதிகம் மதிக்கும் முயற்சி ஒரு தனி மனிதருடையது. மும்பையில் ஊழியம் செய்த மெதடிஸ்ட் போதகர் காட்சன் சாமுவேல் 2016இல் மோட்டார் சைக்கிளில் குமரி மாவட்டம் வரை பயணம் செய்து பனையைத் தேடினார். ‘பனைமரச் சாலை’ என்ற நூல் அந்தப் பயணத்தில் பிறந்தது. திருநெல்வேலி, குமரிச் சபைகள் பனையேறிகளின் சபைகள். பனை சாய்ந்தால் சபையின் வேரும் சாயும் என்பது அவர் எடுத்துக்கொண்ட விஷயம். ஒரு சபை எந்த மரத்தால் சோறு தின்றதோ அந்த மரத்துக்குப் பட்ட கடனைக் கண்டுபிடிப்பதுதான் அதன் சூழல் பணி என்று அவரிடம் நான் கற்றேன். எங்களுக்குச் சோறு போட்டவை பால்மரமும் செம்பனையும். அந்தக் கடனை நாங்கள் இன்னும் எண்ணிப் பார்க்கவே இல்லை.

மலாக்காவுக்குச் செய்ய வேண்டியவை ஏராளம். 1991இல் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றி மாநிலமே குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றது. வாளித் தண்ணீரில் குளித்து, அதே நீரை மல்லிகைக்கு ஊற்றிய நாட்கள் அவை. கோயில் கூரைகளில் விழும் மழை இன்றும் நேரே சாக்கடைக்குத்தான் போகிறது. ஓரிரண்டு தொட்டி வைத்தால் வளாகச் செடிகளுக்கும் கழுவலுக்கும் போதும். விழாச் சாப்பாட்டில் பாலிஸ்டிரீன் பெட்டிக்குப் பதில் வாழையிலை போதும். ஜனவரியில் கோயில் முற்றத்தில் பொங்கல் வைக்கிறோம், அரிசிக்கும் சூரியனுக்கும் நன்றி சொல்கிறோம். அந்தத் திருப்பலியில் விளைவித்தவனுக்காக ஒரு மன்றாட்டு கூடுதலாகச் சேர்க்கலாம். இவையெல்லாம் நல்லவை, செய்ய வேண்டியவை. ஆனால் இவற்றோடு நின்றுவிட்டால், வசதி வந்த பிறகு எடுத்துக்கொண்ட நற்பழக்கங்களாக மட்டுமே இவை இருக்கும்.

பம்பு தோட்டத்தை விட்டுப் போகவில்லை. பாராகுவாட் போனது, கிளைபோசேட்டும் குளுபோசினேட்டும் இருக்கின்றன. தமிழர் பெரும்பாலும் வெளியேறிவிட்ட அந்த நிரைகளில் இப்போது இந்தோனேசியரும் வங்காளதேசியும் நேபாளியும் நடக்கிறார்கள். அவர்களின் கடவுச்சீட்டு பெரும்பாலும் அவர்கள் கையில் இருப்பதில்லை, வாய்க்குப் பூட்டு இன்னும் கனமானது. அவர்கள் படும் பாடு என்ன என்று நேரில் தெரிந்த சமூகம் இந்த நாட்டில் ஒன்று உண்டென்றால் அது நாம்தான். அவர்கள் நம் சபையார் அல்லர் என்பது ஒரு சாக்கு. எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்கள் என்று இஸ்ரவேலுக்கு நினைவூட்டிய மரபில் வந்தவர்களுக்கு அந்தச் சாக்கு செல்லாது.

கடைசியாக வாசகரிடம் ஒரு வேண்டுகோள். மருந்தடித்த பெண்கள் இன்னும் நம் கோயில்களில் உயிரோடு இருக்கிறார்கள். எழுபதைத் தாண்டியவர்கள், பின்வரிசையில் மின்விசிறிக்குக் கீழே உட்காருகிறவர்கள். வரும் குருத்தோலை ஞாயிறுக்கு முதல்நாள், அவர்கள் சிலுவை பின்னும்போது பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, என்ன மருந்து, கையுறை கொடுத்தார்களா, எத்தனை பிள்ளை பிழைத்தது, எத்தனை போனது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவசரப்படாமல் கேளுங்கள். ஆனால் தள்ளிப் போடாதீர்கள்.